785உம் 64உம்: ஒரு புது எஸ்எஸ்டியின் வழக்கு

தம்பி சீபியு பெட்டியை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறான். களுவாஞ்சிக்குடியில் ஏறிக் கல்லடியில் இறங்கும்வரை கீழே வைக்கவில்லையாம். கச்சான் காற்று அடிக்கிற பகல், சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடிக்க முதலே ஃபோனை நீட்டினான்.

“அண்ணன், இதப் பாருங்க. ஏமாத்திப்போட்டாங்க. புது எஸ்எஸ்டி பெட்டியில 3500 எண்டு போட்டிருக்கு. எனக்கு வாறது 785.”

ஃபோனில் கிரிஸ்டல் டிஸ்க் மார்க் என்ற, டிஸ்க்கின் வேகத்தை அளக்கிற மென்பொருளின் படம். செக்கனுக்கு வாசிப்பு 785 எம்பி, எழுத்து 760. கல்யாண வீடியோவும் கோயில் திருவிழா வீடியோவும் எடுக்கிறவன். போன வருடம் ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தம் முழுவதையும் 4கேயில் எடுத்து வைத்திருக்கிறான். அதை வெட்டி ஒட்டுவதற்காக 1 டெராபைட் என்விஎம்இ ரக எஸ்எஸ்டி (தட்டு இல்லாமல் சில்லில் தரவு வைக்கிற டிஸ்க்) ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறான். அவனிடம் இருந்த முறைப்பாடுகள் மூன்று. 3500க்குப் பதில் 785. பழைய சாட்டா எஸ்எஸ்டியிலிருந்து (வயரில் பூட்டுகிற ரகம்) புதிய டிஸ்க்குக்கு வீடியோவைக் கொப்பி பண்ணினால் செக்கனுக்கு 64 எம்பிதான் வருகிறது. 1 டெரா என்று வாங்கியது விண்டோஸில் 931 ஜீபி என்று காட்டுகிறது. ஆகவே இது டூப்ளிகேட் சாமான், நாளைக்குக் கடையில் போய்ச் சண்டை.

மூன்றாவதை நின்ற நிலையிலேயே தீர்த்துவிட்டேன். கம்பனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 1024ஆக எண்ணுகிறது. ஒரு இலட்சம் கோடி பைட்டை 1024ஆல் மூன்று தடவை பிரித்தால் 931 வரும். ஒரு பைட்டும் களவு போகவில்லை. அவன் நம்பாமல் ஃபோனில் கணக்குப் போட்டுப் பார்த்தான். அது நல்ல பழக்கம்.

மற்ற இரண்டுக்கும் பெட்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

முதலில் 785. வேக எண்ணைப் பார்த்ததும் டிஸ்க்கைச் சந்தேகிக்காமல், இந்த எண் எந்த வழியின் அளவோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பது என் வழக்கம். ஒவ்வொரு வழிக்கும் ஒரு கூரை உண்டு. யூஎஸ்பி 2.0 என்றால் 40க்குள் நிற்கும். சாட்டாவின் இரண்டாம் தலைமுறை 270, 280. மூன்றாம் தலைமுறை 550ஐ ஒட்டி வரும், ஏட்டுக் கணக்கில்கூட 600ஐத் தாண்டாது. பழுதான டிஸ்க் இப்படி ஒரு கூரையில் போய் ஒழுங்காக முட்டிக்கொண்டு நிற்காது, அது ஏறி இறங்கித் தள்ளாடும். தம்பியின் 785 ஐந்து தடவை ஓடவிட்டும் 780க்கும் 788க்கும் இடையிலேயே நின்றது. வாசிப்பும் எழுத்தும் கிட்டத்தட்ட ஒரே அளவு. எங்கேயோ முட்டுகிறது.

பெட்டியைத் திறந்தேன். இன்டெலின் நான்காம் தலைமுறை சீபியு, எச்97 மதர்போர்ட். அந்தக் காலத்துப் போர்ட்களில் எம்.2 ஸ்லொட், அதாவது இந்த மாதிரி டிஸ்க்கை நேரே செருகுகிற இடம், வந்த புதிது. டிஸ்க் உள்ளே போய் இறுகப் பொருந்தும், திருகாணியும் பூட்டலாம். ஆனால் அந்த ஸ்லொட்டுக்கு வருவது பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற தரவு வழியின் 2.0 தலைமுறை, அதிலும் இரண்டே இரண்டு லேன் (பாதை). லேன் ஒன்றுக்கு 500 எம்பி, இரண்டுக்கும் சேர்த்து 1000. அதில் தரவுப் பொட்டலங்களின் தலைப்புச் செலவெல்லாம் போக 800ஐ ஒட்டி வந்தால் அதுதான் முழு வேகம். டிஸ்க்கோ பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0, நான்கு லேனுக்குச் செய்தது. அதற்கு லேன் ஒன்றுக்கு 985 எம்பி.

டிஸ்க்கின் விவரங்களைக் காட்டுகிற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் இதைத் திறந்தவுடனேயே சொல்லிவிடும். பரிமாற்ற முறை என்ற இடத்தில் இரண்டு விவரம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். முதலாவது இப்போது ஓடுவது, இரண்டாவது டிஸ்க்கால் ஏலக்கூடியது. தம்பியின் டிஸ்க்கில் முதலாவதில் 2.0, இரண்டு லேன். இரண்டாவதில் 3.0, நான்கு லேன். இந்த ஒரு வரியைப் பார்க்காமல் எத்தனையோ பேர் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள்.

பின்னேரம் ஃபோன் எடுத்தவனுக்குக் கல்லடிப் பாலத்தைச் சொல்லித்தான் விளங்கப்படுத்தினேன். 2013இல் புதுப் பாலம் திறக்கும்வரை 1924ஆம் ஆண்டுப் பழைய இரும்புப் பாலத்தில்தான் எல்லா வாகனமும் போனது. ஒரு பக்கம் வர மற்றப் பக்கம் காத்து நிற்க வேண்டும். நீ எவ்வளவு பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் அந்தப் பாலத்தில் முன்னால் போகிற லொறியின் வேகம்தான் உன் வேகம். “அப்ப கடைக்காரன் பிழையில்லையா?” என்றான். அந்தக் குரலில் கொஞ்சம் ஏமாற்றம். சண்டைக்குத் தயாராக இருந்தவன் அல்லவா.

லாச்சிக்குள் எம்.2 டிஸ்க்கை நீள ஸ்லொட்டில் போடுகிற அடப்டர் ஒன்று கிடந்தது. கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கீழே இருந்த இரண்டாவது நீள ஸ்லொட்டில் போட்டேன். அந்த ஸ்லொட் பார்க்கத்தான் நீளம், உள்ளே ஓடுவது 2.0இன் நான்கு லேன். ஏட்டுக் கணக்கு 2000. வாசிப்பு 1580, எழுத்து 1490. இந்தப் போர்டில் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றாமல் இதற்கு மேல் ஏறாது. இந்த ஸ்லொட்டும் சாட்டா, நெட்வேர்க், யூஎஸ்பி எல்லாமும் சிப்செட் என்ற துணைச் சில்லிலிருந்து சீபியுவுக்குப் போகிற அதே 2000 எம்பி வழியைத்தான் பங்கு போடுகின்றன. 3500 என்பது இந்தப் பெட்டிக்கு இல்லை.

ஆனால் கிரிஸ்டல் டிஸ்க் மார்க்கின் கடைசி வரியைப் பாருங்கள். 4 கேபி துண்டுகளாக அங்குமிங்கும், ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது. பழைய ஸ்லொட்டில் 42, புதிய ஸ்லொட்டில் 43. பாலம் இரண்டு மடங்கு அகலமாகியும் இது அசையவில்லை. 42 எம்பியை 4096ஆல் பிரித்தால் செக்கனுக்குப் பத்தாயிரம் சொச்சம் வாசிப்பு, ஒன்றுக்கு ஏறக்குறைய 98 மைக்ரோசெக்கன். டிஸ்க் தன் சில்லுக்குள் தேடி எடுத்துத் தருகிற நேரம் அது. பாதை எவ்வளவு அகலம் என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. 7200 சுற்று ஹார்ட் டிஸ்க்கில் தட்டு அரைச் சுற்றுச் சுற்றவே 4 மில்லிசெக்கன் போய்விடும், அதனால் அங்கே இதே வரி 1ஐக்கூடத் தொடாது. கணினி “சுறுக்காக இருக்கிறது” என்று கையில் உணர்வது பெரும்பாலும் இந்த வரியைத்தான். பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சடிப்பது முதல் வரியை. அதற்கு முன்னால் எறும்பு அளவு எழுத்தில் “வரை” என்றும் போட்டிருப்பார்கள்.

சரி, 785 முடிந்தது. 64 அப்படி இலகுவாக முடியவில்லை.

பழைய டிஸ்க் 500 ஜீபி சாட்டா எஸ்எஸ்டி, டிஎல்சி ரகம், பல வருடம் பாவித்தது. அதைப் பெட்டிக்குள் சாட்டா வயரில் பூட்டி ஓட்டினேன். வாசிப்பு 545, எழுத்து 510. குறையே இல்லை. 4 கேபி வரிகளையும் பார்த்தேன். 32 கோரிக்கையை வரிசையில் வைத்தால் 330, ஒன்றொன்றாகக் கேட்டால் 31. பயோஸில் (போர்டின் அடிப்படை அமைப்பில்) சாட்டா பழைய ஐடிஇ முறையில் கிடந்தால் இந்த இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணாக வந்துவிடும், ஏனென்றால் அந்த முறையில் கோரிக்கைகளை வரிசையில் வைக்க வழியில்லை. ஒருமுறை அது தெரியாமல் ஒரு பெட்டியோடு இரண்டு நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன், ஆகவே இப்போது முதலில் பார்ப்பது அதைத்தான். இங்கே அந்தக் கோளாறு இல்லை.

கொப்பி பண்ணிப் பார்த்தால் 64. 545இல் வாசிக்கிற டிஸ்க்கிலிருந்து 1490இல் எழுதுகிற டிஸ்க்குக்கு 64. தம்பி பொய் சொல்லவில்லை.

முதலில் கனெக்டர்களைச் சந்தேகித்தேன். கல்லடியில் கடல் காற்று எதையும் விட்டுவைக்காது. வெளியே வைத்த திருகாணி ஒரு மாரிக்குள் துருவேறிவிடும், செம்பு பச்சை பூக்கும். ஐசோபுரோப்பைல் அல்ககோல் போட்டுத் துடைத்தேன், வயரையும் மாற்றினேன். 64. டிஸ்க் தன் உடல்நிலையைப் பதிந்து வைக்கிற ஸ்மார்ட் பட்டியலில் சிஆர்சி பிழை எண்ணிக்கை பூச்சியம். வயரில் குறை இருந்தால் அது ஏறியிருக்கும். அதை முதலில் பார்த்திருந்தால் துடைத்த நேரம் மிச்சம்.

கொப்பி என்பது இரண்டு வேலை. ஒரு பக்கம் வாசிக்கிறது, மறு பக்கம் எழுதுகிறது. இரண்டையும் பிரிக்காமல் யார் குற்றவாளி என்று சொல்ல ஏலாது. பென்டிரைவில் இருந்த லினக்ஸை ஏற்றி, டிடி கட்டளையால் தீர்த்த வீடியோவில் 7 ஜீபி கோப்பு ஒன்றை வாசித்து எங்கேயும் எழுதாமல் வீசச் சொன்னேன். 64. ஆக, குற்றம் பழைய டிஸ்க்கின் பக்கம். புதியது இந்த வழக்கில் விடுதலை.

ஆனாலும் மனம் ஒப்பவில்லை. மேல் அம்புக்குறியை அழுத்தி அதே கட்டளையை மறுபடியும் ஓட்டினேன். செக்கனுக்கு 3.9 ஜீபி.

ஒரு கணம் ஏதோ நானே திருத்திவிட்டேன் என்று நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை. மறுகாதான் மூளை வேலை செய்தது. சாட்டா வயரில் 600க்கு மேல் ஓடாது. 3900 ஓடியது என்றால் அது அந்த வயரில் ஓடவே இல்லை. முதல் தடவை வாசித்த 7 ஜீபியையும் லினக்ஸ் ரமில் வைத்திருந்தது, பெட்டியில் 16 ஜீபி ரம். இரண்டாவது தடவை டிஸ்க்கைத் தட்டாமலே ரமிலிருந்து எடுத்துத் தந்துவிட்டது. நான் அளந்தது ரமை. ரமில் தேங்கியதைக் காலி செய்துவிட்டு மறுபடி ஓட்டினேன். 64. அந்த 64ஐப் பார்த்து இவ்வளவு சந்தோசப்படுவேன் என்று நினைக்கவில்லை.

விண்டோஸில் பெரிய கோப்பைக் கொப்பி பண்ணும்போது முதல் சில செக்கன் அநியாய வேகம் காட்டி, பிறகு தொபுக்கென்று விழுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். முதலில் ரம் நிரம்புகிறது, பிறகுதான் டிஸ்க்கின் உண்மை முகம்.

சரி, 545 எப்படி வந்தது? 64 எப்படி வந்தது? அதே டிஸ்க், அதே வயர், அதே போர்ட். வித்தியாசம் கோப்பு மட்டும்தான். அப்படியானால் வேறு கோப்புகளையும் வாசித்துப் பார்ப்போம் என்று கோப்புறை கோப்புறையாகப் போனேன். போன மாதம் போட்ட பிறந்தநாள் வீடியோ: 531. போன வருடத் தீர்த்தம்: 64. இரண்டு வருடத்துக்கு முந்தைய கல்யாணம் ஒன்று: 52. அதற்கும் முந்தையது: 47.

வயது கூடக் கூட வேகம் குறைகிறது. கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழும்பி ஒரு பிளேன்டீ போட்டேன். இப்படிப்பட்ட ஒழுங்கான பட்டியல் கிடைப்பது அபூர்வம்.

டிஎல்சி சில்லில் ஒரு சிற்றறைக்குள் 3 பிட்டை வைக்கிறார்கள். அதாவது மின்னேற்றத்தின் 8 மட்டங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து அறிய வேண்டும். எழுதிவிட்டு நாட்கணக்கில் விட்டால் அந்த மின்னேற்றம் மெல்ல மெல்லக் கசியும், மட்டங்கள் இடம் நகரும். டிஸ்க் வழக்கமான அளவுகோலை வைத்துப் பார்க்கும், பிழை வரும், அளவுகோலைச் சற்று நகர்த்தி மறுபடி பார்க்கும், பிறகும் மறுபடி. கடைசியில் பிழைதிருத்தக் கணக்குப் போட்டுச் சரியான தரவைத் தந்துவிடும். தரவுக்குச் சேதமில்லை, நேரம்தான் போகிறது. 2014இல் சாம்சங் 840 ஈவோ டிஸ்க்குகளில் இதே மாதிரிப் பழைய கோப்புகள் மெதுவாக வாசிக்கப்படுவது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அந்த வருடம் ஒக்டோபரில் ஒரு திருத்தம் விட்டார்கள், அது போதாமல் 2015 ஏப்ரலில் இன்னொன்றும் விட்டார்கள். தம்பியின் டிஸ்க் வேறு கம்பனியுடையது. ஆனால் சில்லுக்குள் நடக்கிற பௌதிகம் கம்பனி பார்த்து நடப்பதில்லை.

இதைப் பெஞ்ச்மார்க் ஏன் காட்டவில்லை? கிரிஸ்டல் டிஸ்க் மார்க் தானே ஒரு கோப்பை அப்போதுதான் எழுதி, உடனே அதைத்தான் வாசிக்கிறது. ஒரு நிமிட வயதுள்ள கோப்பு. அதற்கு மின்னேற்றம் கசிய நேரமேது? எத்தனை தடவை ஓட்டினாலும் 545தான் வரும். பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுப் படம் எடுக்கிற மாதிரி.

டிஸ்க் இவ்வளவு காலம் எங்கே கிடந்தது என்று தம்பியிடம் கேட்டேன். வேலை முடிந்ததும் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிடுவானாம். தகரக் கூரை அறை. நுகர்வோர் எஸ்எஸ்டிக்கான ஜெடெக் என்ற தரநிர்ணய அமைப்பின் தரநிலை என்ன கேட்கிறதென்றால், எழுதும் ஆயுள் முழுவதும் முடிந்த டிஸ்க், மின்சாரம் இல்லாமல் 30 பாகை செல்சியஸில் 1 வருடம் தரவைக் காப்பாற்ற வேண்டும். சூடு கூடினால் அந்தக் காலம் குறையும். எங்கள் பக்கத்தில் தகரக் கூரைக்குக் கீழே மூடிய அலுமாரிக்குள் 30 பாகை என்பது மாரி காலத்துக் கதை. ஆயுள் முடியாத டிஸ்க் இதைவிட நெடுங்காலம் தாங்கும்தான். ஆனாலும் ஒருவருடைய கல்யாணத்தின் ஒரே பிரதியை அப்படி வைப்பது எனக்குப் பயமான வேலை. எஸ்எஸ்டி ஓடுவதற்கான சாமான், உறங்குவதற்கு இல்லை. உறங்க வைக்க ஹார்ட் டிஸ்க் இரண்டு போதும், அதுவும் இரண்டு வீட்டில்.

மருந்து ஒன்றுதான்: தரவைப் புதிதாக எழுதுவது. ஆனால் முதலில் பிரதி. என் வெளி ஹார்ட் டிஸ்க்கைப் பெட்டியின் முன்பக்கத்தில் குத்திக் கொப்பியைத் தொடக்கினேன். 38. எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. முன்பக்கப் போர்ட் யூஎஸ்பி 2.0. பின்னால் நீலப் போர்ட்டுக்கு மாற்றினேன், பழைய டிஸ்க்கின் 50, 60க்கு வந்தது. 310 ஜீபிக்கு ஒன்றரை மணித்தியாலம். இடையில் கரண்ட் போனால் என்று பயந்து யூபிஎஸ்ஸில் போட்டிருந்தேன். கரண்ட் போகவில்லை. யூபிஎஸ் இல்லாத நாளில்தான் போகும்.

பத்தரை மணிக்கு அம்மா வந்து எட்டிப் பார்த்தார். “என்ன மனே, ஒரு பெட்டியப் பாத்துக்கொண்டு குந்தியிருக்கா? படுக்கேல்லையா?”

“கொப்பிக் கோடு போய் முடியட்டும் அம்மா.”

பிரதிகளை மூலத்தோடு ஒப்பிட்டு எல்லாம் சரி என்று கண்ட பிறகுதான் படுத்தேன்.

அடுத்த நாள் காலை பழைய டிஸ்க்கின் பகிர்வை அழித்து என்டிஎஃப்எஸ்ஸாக ஃபோர்மட் பண்ணினேன். ஃபோர்மட் பண்ணும்போது விண்டோஸ் டிரிம் கட்டளையையும் அனுப்பிவிடும், அதாவது “இந்த இடமெல்லாம் காலி, நீ துப்புரவு செய்யலாம்” என்று டிஸ்க்குக்குச் சொல்லும். பிறகு எல்லாவற்றையும் திருப்பி எழுதினேன். இரண்டு வருடக் கல்யாணத்தை வாசிக்கவிட்டேன், ரமைக் காலி செய்துவிட்டுத்தான். 527. நேற்று 52, இன்றைக்கு 527. கோப்பில் ஒரு பைட்கூட மாறவில்லை.

அத்தோடு முடிந்தது என்று தம்பிக்கு ஃபோன் எடுத்துச் சொல்லியும்விட்டேன். அவசரக் குடுக்கை வேலை.

அவனுக்கு வெட்ட வேண்டியிருந்த 180 ஜீபியைப் புதிய என்விஎம்இக்குக் கொப்பி பண்ணினேன். 515இல் ஓடியது. மூன்று நிமிடம் கழிந்து திரும்பிப் பார்த்தால் 95. வாசிப்புப் பக்கம் இப்போது சுத்தம், ஆகவே இந்தத் தடவை குற்றவாளி எழுதுகிற பக்கம். நேற்று விடுதலை செய்தவனை இன்றைக்கு மறுபடி கூண்டில் ஏற்ற வேண்டும்.

கச்சான் அடிக்கிற நடுப்பகல் என்பதால் என் புத்தி நேரே சூட்டுக்குப் போனது. அடப்டர் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கீழே இருக்கிறது, அறைக்குள்ளேயே வியர்த்து ஒழுகுகிறது, டிஸ்க் சூடேறித் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். பார்த்தால் 58 பாகை. இந்த ரக டிஸ்க்குகள் 70, 80ஐத் தாண்டித்தான் பிரேக் பிடிக்கும். இருந்தும் பிடிவாதத்தில் பக்கக் கதவைக் கழற்றி மேசை ஃபேனை முகத்துக்கு நேரே வைத்தேன். 46க்கு இறங்கியது. வேகம் 95. எனக்குத்தான் காற்று இல்லாமல் போனது.

முதல் 97 ஜீபிக்கு மூன்று நிமிடம் போயிருந்தது. மீதி 83 ஜீபிக்குப் பதினைந்து நிமிடம் போனது. அந்த 97 என்ற எண் தலைக்குள் கிடந்து உறுத்தியது. கொப்பி தொடங்குமுன் டிஸ்க்கில் 600 ஜீபி இருந்தது, காலி 400. நானூறில் நாலில் ஒன்று நூறு.

அப்போதுதான் டிஸ்க்கின் மொடல் எண்ணைத் தேடிப் பார்த்தேன். கியூஎல்சி. சிற்றறை ஒன்றுக்கு 4 பிட். 16 மட்டங்களைப் பிரித்து வைக்க வேண்டியிருப்பதால் எழுதுவது மகா மெதுவான வேலை. அதனால் டிஸ்க் ஒரு தந்திரம் செய்கிறது. காலியாகக் கிடக்கிற அறைகளில் முதலில் 1 பிட் வீதம் கடகடவென்று எழுதிவிடும். பிறகு ஓய்வு கிடைக்கும்போது 4 பிட்டாக நெருக்கி அடுக்கும். வேளாண்மை வெட்டி லொறியில் நெல் மூட்டை வந்தால் என்ன செய்கிறோம்? மளமளவென்று விறாந்தையில் இறக்குகிறோம், லொறிக்காரனை அனுப்பிவிட்டு ஆறுதலாக உள்ளறைக்குள் அடுக்குகிறோம். விறாந்தை நிரம்பிய பிறகும் மூட்டை வந்துகொண்டிருந்தால்? ஒவ்வொன்றையும் உள்ளே கொண்டுபோய் அடுக்கிவிட்டுத்தான் அடுத்ததை இறக்கலாம். அந்த நடைதான் 95.

4 பிட் வைக்கிற இடத்தில் 1 பிட் வைத்தால், காலி இடத்தில் நாலில் ஒன்றுதான் விறாந்தை. ஊகம் சரியா என்று பார்க்க ஒரு வழி இருந்தது. இப்போது டிஸ்க்கில் 780 ஜீபி இருக்கிறது, காலி 220. நாலில் ஒன்று 55. இரவு முழுக்கப் பெட்டியைச் சும்மா ஓடவிட்டேன், உள்ளே அடுக்கி முடிக்கட்டும் என்று. விடிய எஃப்ஐஓ என்ற வேகம் அளக்கிற மென்பொருளை விண்டோஸில் ஓட்டி, 80 ஜீபி கோப்பு ஒன்றை நிறுத்தாமல் எழுதச் சொல்லி, செக்கனுக்குச் செக்கன் வேகத்தைப் பதிந்தேன். பூச்சியம் பூச்சியமாக எழுதினால் சில டிஸ்க்குகள் அதைச் சுருக்கிவிட்டு ஏமாற்றும், அதனால் தாறுமாறான தரவுதான். 1450, 1440, 1450 என்று போய்க்கொண்டே இருந்தது. 53 ஜீபியில் படியிலிருந்து உருண்ட மாதிரி 90க்கு விழுந்தது.

கணக்கு 55, கை 53. அந்தக் காலைச் சாப்பாடு ருசித்தது.

எல்லா டிஸ்க்கும் காலி இடம் முழுவதையும் இப்படி விறாந்தையாக எடுப்பதில்லை. சிலவற்றுக்கு இத்தனை ஜீபி என்று நிரந்தர ஒதுக்கீடு, சிலவற்றுக்கு இரண்டும் கலந்தது. டிஎல்சியாக இருந்தால் விழுந்த பிறகும் வேகம் இதைவிட நன்றாக நிற்கும். ஆனால் எதுவானாலும் 1 ஜீபி கோப்பை வைத்து ஓடுகிற பெஞ்ச்மார்க் இந்தப் படியைப் பார்க்கவே பார்க்காது, எப்போதும் விறாந்தையில்தான் நிற்கும். பெட்டியில் கியூஎல்சி என்று ஒரு மூலையிலும் இல்லை என்பதுதான் எனக்கு உள்ள ஒரே கோபம். 3500ஐ அவ்வளவு பெரிதாக அச்சடிக்க மை இருந்தது.

சனிக்கிழமை தம்பி வந்தான். அடப்டரை அவனுக்கே கொடுத்துவிட்டேன், அது லாச்சிக்குள் தூங்கியதுதான். டிஸ்க்கை 700க்கு மேல் நிரப்பாதே, பெரிய கொப்பி ஒன்று போட்டால் பெட்டியை உடனே அணைக்காமல் கொஞ்ச நேரம் விடு, பழைய கல்யாணங்களை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்று என்றேன். பழைய சாட்டா டிஸ்க்கை இனி அலுமாரியில் வைக்காமல் பெட்டிக்குள்ளேயே பூட்டி வேலைக்கு எடுக்கச் சொன்னேன். கடைக்காரனிடம் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் அடுத்த தடவை “கியூஎல்சியா டிஎல்சியா” என்று கேட்டுத்தான் வாங்குவானாம்.

கூலி கேட்டான். மாமாங்கத் தீர்த்த வீடியோவில் ஒரு பிரதி அம்மாவுக்குத் தா என்றேன். கேணிக்கரையில் நின்ற கூட்டத்துக்குள் அம்மாவும் நின்றவ.

ஞாயிறு இரவு ஃபோன் எடுத்தான்.

“அண்ணன், ஃபைல் எல்லாம் படபடவெண்டு திறக்குது. ஆனா எக்ஸ்போர்ட் போட்டா முந்தி எடுத்த அதே நேரம்தான் எடுக்குது. டிஸ்க்கில இன்னும் ஏதாவது பிழை இருக்குமோ?”

டாஸ்க் மனேஜரைத் திறந்து என்ன காட்டுகிறது என்று வாசிக்கச் சொன்னேன்.

“சீபியு 100. டிஸ்க் 3.”

“தம்பி, நாலாம் தலைமுறைச் சீபியு அது.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “அப்ப போர்டும் மாத்தோணுமா அண்ணன்?” என்றான். தைக்குப் பிறகு கல்யாணங்கள் தொடங்கட்டும், காசு வரட்டும், பார்ப்போம் என்றேன்.